மெக்கன்ஹைம் ஏற்றத்தில் சைக்கிள் மாற்றியவளுக்கு

மகளே,

மூன்று நாளாக என் தொடைகள் இரண்டும் என்னோடு கோபம். கட்டிலால் எழும்பினால் ஒன்று கத்துகிறது, படியால் இறங்கினால் மற்றது கத்துகிறது. இன்றைக்கு வேலைக்கு வர ஏலாது என்று காலையில் நானே தொலைபேசி எடுத்து மேற்பார்வைக்காரியிடம் சொன்னேன். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் இத்தனை வருடத்தில் நான் கேட்ட லீவுகளை ஒரு கை விரலில் எண்ணலாம். என்ன வருத்தம் என்று கேட்டாள். சைக்கிள் ஓடினேன் என்றேன். "நீயா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். ஐம்பத்து நாலு வயதில் காடும் தோட்டமும் கடந்து போய் வந்தவள் நான், அவள் இல்லை.

நீ ஆறரைக்கே கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். குசினி மேசையில் நானும் ஒரு கோப்பை தேத்தண்ணியும், நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிப் பாதியில் விட்ட இந்தக் கொப்பியும்தான். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாயை எங்கேயாவது கண்டிருக்கிறாயா? வாயால் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் முதலில் அழுவேன். நீ உடனே "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிடுவாய். உன்னுடைய அந்தப் "பரவாயில்லை" வந்தபிறகு நான் எதையும் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். விளங்காத சொல் இருந்தால் வந்து கேள், வெட்கப்படாதே.

முதலில் நன்றி சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்குப் பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. இந்த ஜேர்மன்காரர் உப்புப் போத்தலை எடுத்துக் கொடுத்தாலும் நன்றி என்பார்கள். நாங்களோ பிள்ளை எங்களுக்காக உயிரையே விட்டாலும், "அது அவளின்ரை கடமைதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி, மகளே. அந்த நாளைப்போல ஒரு நாள் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லமுன் வியாழக்கிழமையைச் சொல்லவேண்டும். அன்று உனக்கு ஒரு தடித்த கடிதம் வந்தது. நீ நின்ற நிலையிலேயே பிரித்தாய், வாசித்தாய், காது இரண்டும் சிவந்துபோனாய். என்ன கடிதம் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, மருத்துவக் காப்புறுதிக்காரரின்ரை" என்றாய். வெள்ளிக்கிழமை நீ வேலைக்குப் போனபிறகு பழைய பேப்பர் கூடையைக் கீழே கொட்டப் போனேன். விளம்பரத் தாள்களுக்கு அடியில், நாலாக மடித்தபடி அது கிடந்தது. காப்புறுதிக்காரர் ஏன் ஹம்பேர்க்கிலிருந்து எழுதவேண்டும் என்று படிக்கட்டிலேயே குந்தியிருந்து வாசித்தேன். மெல்ல வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். வேலை செய்தவர்கள் திரும்பவும் போய், பல்கலைக்கழகத்துக்குத் தேவையான அபிற்றூர் சோதனை எடுக்கிற கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓகஸ்டில் தொடங்குகிறது. மே மாத நடுவுக்குள் சம்மதம் எழுத வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நீ விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. பல் டொக்டரின் பக்கத்தில் நின்று ஏழு வருடமாக ஆயுதம் எடுத்துக் கொடுக்கிற என் பிள்ளை, தானே அந்த ஆயுதத்தைப் பிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். ஆசைப்பட்டு, இடமும் கிடைத்து, அதைக் குப்பைக் கூடைக்குள் போட்டிருக்கிறாள். ஏன் போட்டாய் என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். நான் தனி. அதுதானே?

அன்று பின்னேரம் நீ சிரித்த முகத்தோடு வந்தாய். உன் டொக்டரும் மனைவியும் விடுமுறைக்குப் போகிறார்களாம், புதிதாக வாங்கிய மின்சார சைக்கிள் இரண்டும் கராஜில் சும்மா நிற்கிறதாம், விரும்பினால் எடுத்து ஓடு என்று திறப்பைத் தந்தார்களாம்.

"அம்மா, ஞாயிறு நல்ல வெய்யிலாம். சைக்கிள் ஓடப் போவமோ?"

"எனக்கென்ன விசரோ?"

"மோட்டர் இருக்கம்மா. நீங்கள் சும்மா பெடலைச் சுத்தினாக் காணும்."

"மோட்டர் இருந்தா பேந்தென்னத்துக்குச் சுத்துவான்?"

"சுத்தினாத்தான் மோட்டர் உதவி செய்யும்."

"அப்ப அதுவும் என்னைப்போலத்தான், ஆரும் துவக்கி விட்டாத்தான் வேலை செய்யும்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பூசைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். சனி பின்னேரப் பூசைக்குப் போனால் ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்றாய். உனக்கு எதற்கும் பதில் இருக்கும். எனக்கும் ஒரு கள்ள எண்ணம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். அம்மாவைத் தனியே வெளியே கூட்டிக்கொண்டு போகிறாளே, அங்கே வைத்து ஹம்பேர்க் கதையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன்.

டூயிஸ்டோர்வில் அந்தக் கராஜைத் திறந்தபோது நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். சைக்கிள் ஓடத் தெரியாதவள் இல்லை நான். கல்யாணத்துக்கு முன்பு பாடசாலைக்கும் தட்டெழுத்து வகுப்புக்கும் சைக்கிளில்தான் போய் வந்தேன். ஆனால் அது வேறு உடம்பு. நீ என் தலையில் ஹெல்மெற்றைக் கவிழ்த்து, தாடைக்குக் கீழே கொழுவி, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல ஒரு தரம் அசைத்தும் பார்த்தாய். சீற்றை இறக்கினாய். கைப்பிடியில் இருந்த பெட்டியைக் காட்டி, "ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு இருக்கு. ஒண்டில விடுங்கோ. மூண்டில விட்டாப் பற்றறி கெதியா முடிஞ்சிடும்" என்றாய். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். காலை ஊன்றி ஒரு மிதி மிதித்ததுதான் தாமதம், பின்னால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி அது பாய்ந்தது. "யேசுவே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு ஓடிவந்தது. இரண்டாவது மிதியில் நான் சிரித்தேன். மூன்றாவது மிதியில் நீ என்னைப் பிடிக்க ஓடிவர வேண்டியிருந்தது.

றொட்கன் பக்கமாக அந்த நீண்ட ஏற்றத்தில் நான் கதைத்துக்கொண்டே ஏறினேனே, ஞாபகமா? படியேறினால் மூச்சு வாங்குகிற நான், ஏற்றத்தில் பாட்டு வேறு. இறுக்கமான உடுப்புப் போட்டு, வியர்த்து, நாக்குத் தள்ளி ஏறிக்கொண்டிருந்த ஒரு வாலிபனை முந்தும்போது "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னேன். அவன் என்னையும் என் சுடிதாரையும் பார்த்த பார்வைக்கே நீ டொக்டருக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். அதன்பிறகு காடு. கொட்டன்வோர்ஸ்ட் காட்டுக்குள் பஸ்ஸில் போகும்போது ஒரு பச்சைச் சுவர்தான் தெரியும். சைக்கிளில் போனபோதுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டேன். ஓக் மரங்களில் துளிர் அப்போதுதான் விரிந்திருந்தது. நிலமெல்லாம் சின்ன வெள்ளைப் பூ. முதல்நாள் பெய்த மழையில் மண் மணத்தது. எங்கோ குயில் மாதிரி ஒன்று கூவியது, குயில் இல்லை, அதன் ஜேர்மன் சொந்தக்காரர் என்றாய். ஒருவருக்கும் அவசரமில்லை. எனக்கே அவசரமில்லை. குறித்த நேரத்துக்குப் போய் நிற்கவேண்டிய எந்த ரெர்மினும் இல்லாமல், கையில் எந்தக் கடிதமும் இல்லாமல், நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் போன முதல் பயணம் அதுதான் என்று அப்போது உறைத்தது. உன் சிறு வயதில் நாங்கள் இரண்டு பேரும் போனதெல்லாம் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். உன் தலை மேசை விளிம்புக்கு மேல் தெரியாத காலத்திலேயே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கால் விரலில் எம்பி நின்று எங்களுக்காக நியாயம் பேசினாய். அங்கிருந்த அதிகாரி எழும்பி நின்று உன்னைப் பார்த்தது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது.

மெக்கன்ஹைமில் அப்பிள் தோட்டங்கள் தொடங்கியபோது நான் பிறேக்கைப் பிடித்துவிட்டேன். வரிசை வரிசையாக, கண் எட்டிய மட்டும் பூ. வெள்ளையென்று சொல்ல ஏலாது, ஓரத்தில் கொஞ்சம் றோஸ். தேனீச் சத்தம் காதை அடைத்தது. கடையில் கிலோக் கணக்கில் வாங்குகிற அப்பிள் இப்படிப் பூத்துத்தான் வருகிறது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது, நம்புவாயா? வாங்கில் இருந்து பாணும் மீன் கட்லட்டும் தின்றோம். சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தோம். நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்தாய். இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். ஒன்றிரண்டு தடவை வாயைத் திறந்தாய். ஒரு தரம் கட்லட் நல்லாயிருக்கு என்றாய். மற்றத் தரம், அடுத்த வருடமும் இதே நேரம் வருவோம் என்றாய். அடுத்த வருடமும் என்று நீ சொன்னபோது மிச்சக் கட்லட்டை நான் கடதாசியில் சுற்றி வைத்தேன். அடுத்த வருடம் நீ ஹம்பேர்க்கில் அல்லவா இருக்க வேண்டும். ஆனாலும் நான் கேட்கவில்லை. நல்லதுதான், வருவோம் என்றேன்.

திரும்பும்போதுதான் அந்தக் கூத்து. உனக்கு ஓம் ஓம் என்று தலையாட்டிய நான் காலையிலிருந்து மூன்றில்தான் ஓடினேன். இறக்கத்திலும் மூன்று, சமதரையிலும் மூன்று. சும்மா கிடைக்கிறதை ஏன் விடுவான் என்று. தோட்டம் முடிந்து காட்டுக்கு ஏறுகிற தெருவின் அடியில் என் சைக்கிள் ஒரு முனகல் முனகியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ கிட்ட வந்து பெட்டியைப் பார்த்தாய். உடனே சொன்னாய்:

"அம்மா, உங்கட சீற் உயரம் பிழை. அதுதான் முழங்கால் நோகுது. இறங்குங்கோ, மாத்தி ஓடுவம்."

"முழங்கால் நோகுதெண்டு நான் சொல்லேல்லையே?"

"நாளைக்கு நோகும். இறங்குங்கோ."

இறங்கினேன். நீ உன் சைக்கிளின் சீற்றை எனக்கு இறக்கித் தந்தாய். நான் ஏறி, ஒன்றில் விட்டு, அரசியைப்போல அந்த ஏற்றத்தில் ஏறிப் போனேன். உச்சிக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். நீ பாதித் தெருவில், பெடலில் எழும்பி நின்று, முகமெல்லாம் சிவந்து, அந்தச் செத்த பாரத்தை மிதித்துக்கொண்டு வந்தாய். என்னைக் கண்டதும் ஒரு கையை எடுத்து, "போங்கோ, போங்கோ" என்று காட்டினாய். கை காட்டியதில் சைக்கிள் ஆடி, விழப்போனாய். என் பற்றறியை நான் முடித்தேன். அதன் பாரத்தை நீ சொல்லாமல் எடுத்துக்கொண்டாய். நான் அந்த இடத்திலேயே சைக்கிளால் இறங்கி நின்றுவிட்டேன். காரணம் சைக்கிள் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்து வந்த ஒரு வயதான ஜேர்மன் சோடி உன்னைத் தாண்டி என்னிடம் வந்தது. கீழே வாறது உன் மகளா, பற்றறி முடிந்துவிட்டது போல என்று அந்த அம்மா கேட்டா. ஓம், பிழை என்னுடையது, நல்லதை எனக்குத் தந்துவிட்டாள் என்றேன். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கதை போனது. உன் மகள் பெலசாலி என்றா. எனக்குத் தெரியும் என்றேன். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் அன்று மெக்கன்ஹைமிலிருந்து வங்காளம் மட்டும் போய்விட்டேன். அப்போதுதான் நீ மூச்சிரைக்க வந்து சேர்ந்தாய். வந்ததும் வராததுமாக, பழக்க தோஷத்தில், தொடங்கினாய்.

"அம்மா, அவ கேக்கிறா, நாங்கள் எங்கயிருந்து..."

"எனக்கு விளங்கினது பிள்ளை. நான் சொல்லிப்போட்டன்."

நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். உன் முன்னால் நான் ஜேர்மன் கதைத்ததே இல்லை. சலவைப் பகுதியில் நாள் முழுக்கக் கதைக்கிறவள், மேற்பார்வைக்காரியோடு சண்டை பிடிக்கிறவள், உன்னைக் கண்டதும் ஊமையாகிவிடுவேன். நீ இருக்கிறாய்தானே என்ற சுகம். அவர்கள் போனபிறகு கேட்டாய்.

"எப்ப துவக்கம் உங்களுக்கு இவ்வளவு விளங்குது?"

"வேலையிடத்தில பழகினதுதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிப் போத்தலின் மூடியை இறுக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே இறுக்கிய மூடி. அதன்பிறகு உன்னோடு பெரிய சண்டை பிடித்து அந்தச் செத்த சைக்கிளை நான் வாங்கி, காடு முழுக்க மிதித்து வந்தேன். உனக்கு அது அம்மாவின் பிடிவாதம். எனக்கு அது தண்டனை. முழுதாய்ப் போதாது, ஆனால் தொடக்கம்.

ஏனென்றால் நான் சொன்னது பொய், மகளே. எப்ப துவக்கம் என்று கேட்டாயே. இதுதான் பதில்.

உனக்குப் பத்து வயது. நாலாம் வகுப்பு முடிகிற காலம். ஆசிரியை கூப்பிட்டிருந்தா. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் நாங்கள் மூன்று பேரும் முழங்கால் மடங்க இருந்தோம். ஆசிரியை நெடுநேரம் பேசினா. உன்னைப் பார்த்துச் சிரித்தா, என்னைப் பார்த்துச் சிரித்தா, கிம்னாசியம் என்ற சொல்லை மூன்று தரம் சொன்னா. எனக்கு அப்போது ஜேர்மன் அரைகுறைதான். ஆனால் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிவிடுகிற பள்ளிக்கூடத்தின் பெயர் அது, தெரியாத தமிழ்த் தாய் இந்த நாட்டில் உண்டா? ஆளையாள் கண்டால் சுகம் கேட்கமுன்னம் பிள்ளைக்குக் கிம்னாசியம் கிடைத்ததோ என்றுதானே கேட்போம். நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "அம்மா, றியால்சூலேக்குப் போனா எனக்கு நல்லதாம். அது கிட்டவாம்" என்றாய்.

எனக்கு விளங்கியது. அன்றைக்கே விளங்கியது. ஆசிரியை என்ன சொன்னா என்பதும் விளங்கியது, நீ ஏன் மாற்றிச் சொன்னாய் என்பதும் விளங்கியது. அன்று காலை உன் தலையை இழுத்துப் பின்னும்போது நான்தான் புலம்பினேன். கிம்னாசியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸும் ட்ராமும் மாறிப் போகவேண்டும், ஒரு நாளும் நேரத்தோடு விடமாட்டார்கள், பிறகு என்னோடு கந்தோருக்கு ஆர் வாறது, நான் இந்த ஊமை வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று. மூன்று மாதத்துக்கு ஒருதரம் எங்களைத் திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தோடு, இங்கே தங்குவதற்கு முத்திரை குத்தப் போன காலம் அது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் பின்னலை இறுக்கிக்கொண்டு சொல்லுகிற உண்மை இல்லை. நீ அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, உனக்குக் கிடைத்ததை எனக்காக ஒரு வசனத்தில் கொடுத்துவிட்டாய். நான் "ஓம்" என்றேன். பத்தாம் வகுப்போடு முடிந்துபோகிற றியால்சூலே என்ற பெட்டியில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஆசிரியை திகைத்துப்போய் என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையும் எனக்கு விளங்கியது.

அப்பாவுக்கு நான் சொன்னது, ஆசிரியை அப்படித்தான் சொன்னா என்று. கேர்ள்ன் நகரத்துச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்த மனுசன், அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் உன்னைக் கூப்பிட்டு, "கெட்டித்தனம் இல்லாட்டிலும் பரவாயில்லை, ஒழுக்கமாய் இருந்தாச் சரி" என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். நான் குசினியில் மிளகாய் பொரித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிளகாய் கருகிப்போயிற்று, நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், உலகக் கிண்ணக் கொடிகள் பல்கனி எல்லாம் தொங்கிய அந்தக் கோடையில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ டொக்டர்மாரோடு கேள்வி கேட்டுக் கதைப்பதைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "இவளை ஒரு டொக்டராக்கியிருக்கலாம். பாவம், படிப்புத்தான் ஏறேல்லை." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சாகப்போகிற மனுசனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அவர் உன்னைப் பற்றிப் பிழையாக நினைத்துக்கொண்டே போய்விட்டார். அது உன் பொய்யால் இல்லை, என் மௌனத்தால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். நான் பதினைந்து வருடம் மறைத்தேன்.

வருடா வருடம் கேவலார் மாதாவிடம் போகிறோம். தமிழ்ச் சுவாமியிடம் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். ஆளைப்பற்றிக் கதைத்தேன், பூசையில் பராக்குப் பார்த்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வருவேன். இதை ஒருநாளும் சொல்லவில்லை. இது பாவமில்லை என்று நினைத்ததால் இல்லை. சொன்னால் சுவாமி, போய் உன் மகளிடம் சொல் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். இப்போது உன்னிடமே சொல்லிவிட்டேன். நீ கோபப்படு. உனக்கு உரிமை இருக்கிறது. தயவுசெய்து உடனே பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே.

கோபம் ஆறியபிறகு இன்னொன்றையும் கேள். நீ கொடுத்ததெல்லாம் வீணாய்ப் போகவில்லை. நீ அந்தக் கிட்டவுள்ள பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதால்தான் எங்களுக்கு விசா கிடைத்தது. இந்த வீடு கிடைத்தது, என் வேலை கிடைத்தது. இன்றைக்கு நான் இந்த யன்னலடியில் பயமில்லாமல் இருந்து எழுதுவதற்குக் கொடுத்த விலை உன் படிப்பு. அதை நினைத்தால் வெட்கமும் வருகிறது, நன்றியும் வருகிறது. இரண்டும் சேர்ந்தே வருகிறது, பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். மற்றவர் பாரத்தை எடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது உன் குணம். ஆனால் சொல்லிவிட்டு எடு. "அம்மா, உங்கட பற்றறி முடிஞ்சுது, நான் இதை மிதிக்கிறன்" என்று சொல்லு. சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்கும். சொல்லாமல் எடுத்தால் எதிரில் நிற்கிறவள் ஒன்றும் தெரியாத அரசிபோல முன்னால் போய்க்கொண்டிருப்பாள். அல்லது என்னைப்போல, தெரிந்துகொண்டே போவாள். நீ நல்லவளாக இருக்க இருக்க நான் கள்ளியானேன். நாளைக்கு உனக்கென்று ஒருவன் வருவான், பிள்ளைகள் வரும். அவர்களையும் அப்படி ஆக்கிவிடாதே.

நான் தனியே இருக்கப் பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பயம்தான். பின்னேரம் ஆறு மணிக்குத் திறப்புச் சத்தம் கேட்காத வீட்டை நினைக்கவே எனக்கு விருப்பமில்லை. ஆனால் பயம் என்றால் பயத்தோடு இருக்கலாம், அது ஆளைக் கொல்லாது. டொக்டரிடம் நானே போவேன். பிழையாகச் சொன்னாலும் பிழையான பல்லைப் பிடுங்கமாட்டார்கள், அதற்குத்தான் சுட்டிக்காட்ட விரல் இருக்கிறது. கடிதம் வந்தால் நானே வாசிப்பேன். நீ மறைத்ததையே வாசித்தவள், மற்றதை வாசிக்கமாட்டேனா? ஹம்பேர்க்குக்கு றெயிலில் ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு பாத்திரத்தில் கறி கட்டிக்கொண்டு நானே வந்து இறங்குவேன், அங்கே வந்து உனக்கு இன்னும் ஆயிரம் கரைச்சல் தருவேன்.

இப்போது மணி ஐந்தரை. நீ வருகிற நேரம். பேப்பர் கூடையிலிருந்து எடுத்த கடிதத்தை இஸ்திரிக்கைப் பெட்டியால் மெல்ல அழுத்தி, இந்தக் கொப்பிக்குக் கீழே வைத்திருக்கிறேன். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பேன். இதை வாசித்து முடித்ததும் என்னைக் கூப்பிடு. வந்து உனக்கு முன்னால் இருப்பேன். ஹம்பேர்க்காரர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதல் வரியிலிருந்து கடைசி வரி மட்டும் உள்ளதை உள்ளபடி எனக்குத் தமிழில் சொல்லு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதே, மகளே. கடிதத்தைப் பார்த்துச் சொல்லு.

அம்மா